எழுத்தெண்ணத் தெரியாத வேகம்

தமிழில் ஒருவரது கல்வியின் ஆழத்தைப் பாராட்ட விரும்புவோர் அவரை ‘எழுத்தெண்ணிப் படித்தவர்’ என்பர். கற்றல் என்பது எழுத்தை எண்ணுவதிலிருந்து தொடங்குகின்றது என்ற கருத்து இவ்வழக்கினுள் உறைந்து கிடக்கின்றது. இன்றோ தமிழெழுத்தை எண்ணும் வேலை மனிதரின் கையிலிருந்து பொறியின் கைக்கு மாறிவிட்டது. குறுஞ்செய்தி எழுதுபவனுக்கு இன்னும் எவ்வளவு இடம் எஞ்சியுள்ளது என்று கூறுவது பொறி. விண்ணப்பப் படிவத்தில் ஒருவரது பெயர் அளவுக்கு மிஞ்சி நீண்டுவிட்டது என்று மறுப்பதும் பொறி. ஆனால் அப்பொறி தமிழை எண்ணப் புகுமிடத்துப் பெரும்பாலும் எழுத்தை எண்ணுவதில்லை. வேறெதனையோ எண்ணிவிட்டு அதற்கு ‘நீளம்’ என்று பெயர் சூட்டுகின்றது. இதனைத் தொழினுட்பத்தின் சிறு குறை என்று ஒதுக்கிவிடுதல் தகாது. எதனை எண்ணுவது என்று துணியும் உரிமையைத் தமிழ் கற்றோர் தாமாகவே கைவிட்டதன் விளைவு இது.

‘யாழ்ப்பாணம்’ என்னும் சொல்லையே எடுத்துக்கொள்ளலாம். யா, ழ், ப், பா, ண, ம் என ஆறு எழுத்துகள். ஆரம்பப் பாடசாலைப் பிள்ளையும் விரல்விட்டு எண்ணிவிடும். ஒருங்குறியில், இன்று உலகெங்கும் வழங்கும் பைற்று வடிவத்தில் எழுதப்பட்ட இதே சொல்லின் நீளத்தைச் சி மொழியின் நூலகச் செயற்கூறு 33 என்று கூறும். ஜாவாவும் பைதனும் 11 என்று கூறும். ஸ்விஃப்ட் மொழி மட்டும் 6 என்று விடை தரும். ஒரு சொல், மூன்று விடைகள். இவற்றுள் எதுவும் கணக்குப் பிழையன்று. ஒவ்வொன்றும் தான் எண்ணியதைச் சரியாகவே எண்ணியுள்ளது. முதலாவது பைற்றுகளை எண்ணியது. இரண்டாவது குறியெண்களை எண்ணியது. மூன்றாவதே எழுத்துக்கு அணித்தான ஒன்றை எண்ணியது. பிழை கணக்கில் இல்லை, பெயரில் உள்ளது. மூன்றையும் ‘நீளம்’ என்ற ஒரே சொல்லால் அழைக்கும் பழக்கமே குழப்பத்தின் தாய்.

இப்பழக்கம் எங்கிருந்து வந்தது? 1963 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட ஆஸ்கி நியமம் 128 குறிகளை மாத்திரமே கொண்டது. அதன்படி ஓர் எழுத்து ஒரு பைற்றினுள் அடங்கிற்று. எழுத்தும் பைற்றும் ஒன்றே என்ற சமன்பாடு அவ்வுலகில் மெய்யாகவே இருந்தது. 1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வுகூடத்தில் டெனிஸ் ரிச்சி சி மொழியை அமைத்தபோது, ஒரு சரம் எங்கே முடிகின்றது என்பதைக் காட்ட அதன் இறுதியில் ஒரு சுழியப் பைற்றை வைக்கும் முறை அம்மொழியில் நிலைபெற்றது. நீளத்தை முன்னே எழுதிவைக்கும் முறை வேறு மொழிகளில் இருந்தது. ஆயின் ஒரு பைற்றில் நீளத்தை எழுதினால் 255க்கு மேற்பட்ட சரத்தை அளக்கவியலாது. இரண்டு பைற்றுகளை ஒதுக்குவதோ நினைவகம் அருமையாயிருந்த அக்காலத்தில் வீண்செலவாகத் தோன்றிற்று. அதன் பயனாக, சி மொழியில் ஒரு சரத்தின் நீளத்தை அறிய வேண்டுமாயின் தொடக்கத்திலிருந்து சுழியம் எதிர்ப்படும்வரை ஒவ்வொரு பைற்றாக நடந்தே தீரவேண்டும். 1988 ஆம் ஆண்டில் இணையத்தை முடக்கிய மொறிஸ் புழு, வரும் சரத்தின் நீளத்தைச் சோதியாது உள்வாங்கிய ஒரு செய்நிரலின் வழியாகவும் உட்புகுந்தது. டென்மார்க்கைச் சேர்ந்த போல்-ஹென்னிங் காம்ப் என்னும் நிரலாளர் 2011 இல் எழுதிய கட்டுரையொன்றில், சேமிக்கப்பட்ட அந்த ஒரு பைற்றே கணினி வரலாற்றின் மிகு விலையுள்ள பிழை என வாதிட்டார்.

நீளம் அறிய நடந்தே தீரவேண்டுமாயின், விரைந்து நடப்பது எவ்வாறு என்பதே நிரலாளரின் கவலையாயிற்று. இக்கவலையிலிருந்து பிறந்த நுட்பங்கள் அழகானவை என்பதை மறுத்தல் நேர்மையன்று. ஒவ்வொரு பைற்றாகப் பாராது பல பைற்றுகளை ஒரே எண்ணாக வாங்கி, அவற்றுள் எங்கேனும் சுழியம் உண்டா என்று ஒரே முறையில் வினவும் வழியொன்றை 1987 இல் அலன் மைக்ரொஃப்ட் எடுத்துரைத்தார். அதன் உட்பொருள் எளிது. எட்டுப் பைற்றுகளை ஒருங்கே வாங்கி, அவை ஒவ்வொன்றிலும் ஒன்றைக் கழித்தால், சுழியமாயிருந்த பைற்று கடன் வாங்க, அதன் உச்சப் பிற்று ஒன்றாகிவிடும். முதலிலேயே உச்சப் பிற்று ஒன்றாயிருந்த பைற்றுகளை மூல எண்ணின் எதிர்மறையைக் கொண்டு நீக்கிவிட்டால், எஞ்சுவது சுழியத்தின் தடமேயாகும். எட்டின் மடங்காகிய முகவரியிலிருந்தே வாசிப்பதால், சரத்தின் முடிவைக் கடந்து சில பைற்றுகளைத் தொட்டாலும் நினைவகப் பக்கத்தின் எல்லையை மீறுவதில்லை. 4096 பைற்றுக் கொண்ட பக்கம் எட்டால் மீதியின்றி வகுபடும். பின்னர் வந்த செயலிகள் பதினாறு பைற்றுகளையும் முப்பத்திரண்டு பைற்றுகளையும் ஒரே கட்டளையில் ஒப்பிட வல்லனவாயின. நடை ஓட்டமாயிற்று, ஓட்டம் பாய்ச்சலாயிற்று.

ஆனால் இப்பாய்ச்சல் யாருடைய எழுத்தை மனத்திற்கொண்டு வகுக்கப்பட்டது என்பதை நோக்குதல் வேண்டும். மேற்கூறிய வழியில் உச்சப் பிற்றை நீக்கும் இரண்டாம் படியைச் சில நிரல்கள் விட்டுவிட்டன. ஆங்கில எழுத்தில் உச்சப் பிற்று ஒருபோதும் ஒன்றாவதில்லை. ஆகவே அப்படி மிகையெனக் கருதப்பட்டது. ஐயத்துக்கிடமான கூறு எதிர்ப்பட்டால் மட்டும் பைற்று பைற்றாகச் சோதித்துக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. தமிழ்ச் சரத்திலோ ஒவ்வொரு குறியும் 224 என்னும் பைற்றோடு தொடங்குகின்றது. மூன்று பைற்றுக்கு ஒருமுறை அது வருவதால், எட்டுப் பைற்றுக் கூறு ஒவ்வொன்றிலும் அது தவறாது இருக்கும். கூறு ஒவ்வொன்றும் ஐயத்துக்கிடமாகும். இத்தகைய நிரலில் ஆங்கிலம் அகன்ற வீதியில் ஓட, தமிழ் ஒவ்வொரு சந்தியிலும் மறித்துச் சோதிக்கப்பட்டே சென்றது. விடை இரண்டுக்கும் சரியாகவே கிடைத்தமையால் ஒருவரும் முறையிடவில்லை. வேகம் என்பது எல்லா மொழிக்கும் பொதுவான நடுநிலைப் பண்பு என்று கூறுவோர் இவ்வொன்றையேனும் சிந்தித்தல் தகும்.

‘பைற்றுக் கணக்கே உண்மையான கணக்கு, பொறிக்கு எழுத்துத் தெரியாது’ என்பர் கணினி பயின்றோர் சிலர். இக்கூற்றில் ஒரு பாதி உண்மை உண்டு. ஒரு சரத்தைப் பிரதி செய்யவும், அதற்கு நினைவகத்தில் இடம் ஒதுக்கவும், வலையமைப்பின் வழியே அனுப்பவும் பைற்றுக் கணக்கே வேண்டும். அங்கே எழுத்துக் கணக்கைப் புகுத்துதல் அறியாமையாகும். மற்றப் பாதியே தீங்கானது. நினைவகத்துக்கென எண்ணிய எண்ணை எடுத்து மனிதருக்கு எல்லை வகுக்கும்போது அநீதி தொடங்குகின்றது.

‘சிவசுப்பிரமணியம்’ என்ற பெயரில் பத்து எழுத்துகள் உள்ளன. இதனை ஆங்கிலத்தில் எழுதினால் வழக்கமாகப் பதினைந்து எழுத்துகள் ஆகும். எனவே எழுத்தால் நோக்கின் தமிழ்ப் பெயரே குறுகியது. பெயருக்கென இருபது பைற்று இடமுள்ள ஒரு படிவத்தை எண்ணிப் பார்க்கலாம். இறுதிச் சுழியம் நீங்கலாகப் பத்தொன்பது பைற்று எஞ்சும். ஆங்கிலப் பெயர் அதில் முழுமையாக அமர்ந்து, இடமும் மிஞ்சும். தமிழ்ப் பெயருக்கோ பதினாறு குறியெண்கள், குறியொன்றுக்கு மூன்று பைற்று வீதம் 48 பைற்றுகள் வேண்டும். ஆறு குறிகள் உட்சென்றபின் கதவு மூடப்படும். உள்ளே நிற்பது ‘சிவசுப’ என்பதும், எம்மொழிக்கும் உரியதல்லாத ஒற்றைப் பைற்றும். பகரத்தின் புள்ளியும் வெளியே நின்றுவிட்டது, ஒற்று உயிர்மெய்யாயிற்று. ஒரு மனிதனின் பெயர் பாதியில் வெட்டுண்டதோடு வெட்டுண்ட இடத்தில் பிழையாகவும் ஆகிவிட்டது. தமிழும் அரசகரும மொழி என்று அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தம் 1987 இல் எழுதி வைத்தது. படிவத்தின் பெட்டி பைற்றால் அளக்கப்படுமாயின், அவ்வுரிமை அந்தப் பெட்டியின் விளிம்பில் முடிந்துவிடும்.

குறுஞ்செய்தியும் இத்தகையதே. ஒரு செய்திக்கு 140 பைற்று என்பது நியமம். ஏழு பிற்றுக் குறிகளால் எழுதப்படும் ஆங்கிலத்தில் அது 160 எழுத்தைத் தாங்கும். பதினாறு பிற்றுக் குறிகளால் எழுதப்படும் தமிழில் 70 குறிகளையே தாங்கும். அவையும் எழுத்துகளல்ல, குறிகள். ‘யாழ்ப்பாணம்’ என்ற சொல்லின் விகிதத்திலேயே எழுதிச் சென்றால் 38 எழுத்துகளோடு ஒரு செய்தியின் கட்டணம் தீர்ந்துவிடும்.

இவ்விடத்தில் கணினியாளரை மாத்திரம் குற்றஞ்சாட்டி நின்றுவிடுதல் எளிது. ஆயின் அது பாதி வழக்கே. தமிழ் கற்றோரின் பக்கமும் கேள்விக்குரியதே. ஒரு சரத்துக்கு நீளம் ஒன்றன்று, பல என்பதை உலகுக்கு எடுத்துக்கூறும் தகுதி தமிழிலக்கணத்துக்குப் போல வேறெதற்கு உண்டு? ‘யாழ்ப்பாணம்’ எழுத்தால் ஆறு. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, ஒற்றுக்கு அரை என்ற தொல்காப்பிய அளவின்படி மாத்திரையால் ஆறரை. ஒற்றொழித்து எண்ணினால் மூன்று. செய்யுளடியின் எழுத்தை எண்ணுமிடத்து உயிரில்லாத எழுத்து எண்ணப்படாது என்பது செய்யுளியலின் விதி. கட்டளைக் கலித்துறையின் அடி நேரசையில் தொடங்கினால் பதினாறெழுத்தும் நிரையசையில் தொடங்கினால் பதினேழெழுத்தும் பெறும் என்பதும் ஒற்றொழித்த கணக்கே. உரைநடை நூலின் அளவைக் கூறப் பழையோர் ஒற்றொழித்த முப்பத்திரண்டு எழுத்தை ஒரு கிரந்தம் என்று கொண்டனர். எதற்காக எண்ணுகிறோம் என்பதைத் துணிந்த பின்னரே எதனை எண்ணுவது என்று வகுத்த மரபு இது. இம்மரபைப் பரீட்சை வினாவுக்கு விடையாக மாத்திரம் மனனம் செய்துவிட்டு, பொறி தரும் எண்ணை ஐயமின்றி ஏற்றுக்கொள்வோர் எழுத்தெண்ணிப் படித்தவராகார்.

வேறொரு சாரார் உளர். அவர்கள் பழியனைத்தையும் ஒருங்குறியின் மேற் சுமத்துவர். அவர்களது முறைப்பாட்டிலும் நியாயமுண்டு. 1991 இல் வெளிவந்த ஒருங்குறியின் தமிழ்ப் பகுதி, இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாக 1988 இல் வகுக்கப்பட்ட இஸ்கி ஏற்பாட்டைத் தழுவியது. அதன்படி ககரம் அடிப்படை. அதனோடு புள்ளியைச் சேர்த்தால் ககர ஒற்று. தமிழிலக்கணமோ மெய்யை முதலெழுத்தென்றும் உயிர்மெய்யை அதன்வழிப் பிறந்ததென்றும் கூறும். ஆகவே அரை மாத்திரை பெறும் ஒற்று இரு குறிகளைப் பெற, ஒரு மாத்திரை பெறும் உயிர்மெய் ஒரு குறியோடு நின்றுவிடுகின்றது. ஆயினும் புள்ளியிட்டே மெய்யைக் காட்டும் எழுத்துமுறை தமிழருடையதே. ஒருங்குறி எழுதும் முறையைப் பின்பற்றியது, ஒலியின் முறையைப் பின்பற்றவில்லை. இக்குறைக்கு மாற்றாக ஓரெழுத்துக்கு ஒரு பதினாறு பிற்றுக் குறி என்ற முறையில் அமைந்த தமிழ் அனைத்தெழுத்துக் குறியேற்றத்தைத் தமிழ்நாட்டு அரசு 2010 இல் ஒருங்குறியோடு சேர்த்து நியமமாக அறிவித்தது. எண்ணுவதற்கு அது இனியதுதான். ஆயினும் அக்குறிகள் ஒருங்குறியின் தனிப்பயன் பகுதியில் இருப்பவை. பிறரது கருவிகள் அவற்றைத் தமிழென்று அறியா. எண்ணும் வசதிக்காக உலகத்தோடுள்ள தொடர்பை அறுத்துக்கொள்ளுதல், கிணற்றுக் கயிறு நீளம் என்று கயிற்றை அறுத்துவிடுவதை ஒக்கும்.

தனிக்குறி முறைகளின் இடர் யாழ்ப்பாணத்தார்க்குப் புதிதன்று. பாமினி எழுத்துருவில் ஆங்கில எழுத்துகளின் இடங்களில் தமிழ் வடிவங்கள் வைக்கப்பட்டிருந்தன. அதில் ‘கு’ ஓரிடம், ‘கா’ ஈரிடம், ‘கோ’ மூவிடம். வடிவங்கள் எண்ணப்பட்டனவேயன்றி எழுத்துகள் எண்ணப்படவில்லை. எழுத்துரு இல்லாத கணினியில் அம்மலர்களும் கட்டுரைகளும் பொருளற்ற ஆங்கில எழுத்துக் கோவையாகவே காட்சியளித்தன.

அங்ஙனமாயின் வழி யாது? குறியேற்றத்தை மாற்றாமலே, வேகத்தை இழக்காமலே, தமிழெழுத்தை எண்ணலாம். அதற்கு வேண்டுவது ஒரு கழித்தலே. உயிரும் ஆய்தமும் அகரமேறிய மெய்யும் ஒரு வகை. அவற்றைச் சார்ந்து வரும் கால், கொம்பு, விசிறி, புள்ளி முதலிய அடையாளங்கள் மற்றொரு வகை. மொத்தக் குறிகளிலிருந்து சார்ந்து வருவனவற்றைக் கழித்தால் எஞ்சுவது எழுத்துத்தொகை. ‘யாழ்ப்பாணம்’ என்பதில் பதினொரு குறிகள். கால் இரண்டு, புள்ளி மூன்று ஆக ஐந்து கழிந்தால் ஆறு. அவ்வாறிலிருந்து புள்ளி மூன்றையும் மீண்டும் கழித்தால் ஒற்றொழித்த தொகை மூன்று. ஆய்தம் வருமிடத்து அதனையும் ஒற்றெனக் கழித்தல் வேண்டும். யாப்புக்கு வேண்டிய எண்ணும் இவ்வாறு கிடைத்துவிடுகின்றது.

இக்கழித்தலைப் பைற்று நிலையிலேயே செய்யலாம் என்பதே வேகத்தை வழிபடுவோர்க்குரிய விடை. தமிழ்க் குறி ஒவ்வொன்றின் முதற் பைற்று 224. இரண்டாவது 174 அல்லது 175. 174ஐ அடுத்து 190 அல்லது 191 வந்தால் அது சார்ந்து வரும் அடையாளம். 175ஐ அடுத்து 128 முதல் 141 வரையுள்ள எண்ணோ 151ஓ வந்தாலும் அவ்வாறே. அகராதியும் வேண்டாம், அட்டவணையும் வேண்டாம். சுழியத்தைத் தேடி ஓடும் அதே ஓட்டத்தில் இவ்வொப்பீட்டையும் சேர்த்துச் செய்யலாம். பதினாறு பைற்றுகளை ஒருங்கே ஒப்பிடும் கட்டளைகள் இதற்கும் பணிசெய்யும். ஒருமுறை எண்ணியதைச் சரத்தோடு சேர்த்து எழுதிவைத்தால் மறுமுறை எண்ணவே வேண்டியதில்லை.

இம்முறைக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. ‘கோப்பாய்’ என்ற ஊர்ப்பெயரின் முதலெழுத்தை ஒருங்குறியில் இருவகையாக எழுதலாம்: ககரத்தோடு ஓகாரக் குறியொன்றைச் சேர்த்தும் எழுதலாம், ககரத்தோடு இரட்டைக் கொம்பையும் காலையும் தனித்தனியே சேர்த்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. நியமமும் அவற்றை நிகரென்றே கொள்ளும். ஆனால் பைற்றுக் கணக்கில் ஒன்று 24, மற்றையது 27. குறிக் கணக்கில் ஒன்று 8, மற்றையது 9. ஒரே ஊருக்கு இரண்டு நீளங்கள். கழித்தல் முறையிலோ இரண்டும் நான்கே. இலக்கணம் சொன்ன கணக்கு பொறியின் மாறுபாடுகளுக்கு அப்பாற்பட்டு நிலைநிற்கின்றது.

எல்லை வழக்குகளும் உள. ‘க்ஷ’ என்பது மூன்று குறிகள், கழித்தல் முறை அதனை இரண்டெழுத்து என்னும், கண்ணோ ஒன்றென்னும். ‘ஸ்ரீ’யும் அத்தகையதே. இவற்றை ஒன்றெனக் கொள்வதா இரண்டெனக் கொள்வதா என்பது செயலியைக் கேட்டு அறியத்தக்கதன்று. அதனைத் தமிழறிஞர் துணிந்து கூறவேண்டும். அவர் கூறாது விட்டால் எங்கோ ஒரு நிரலாளர் தம் வசதிக்கேற்பத் துணிந்துவிடுவார். அத்துணிவே நாளடைவில் இலக்கணமாகிவிடும்.

சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை கலித்தொகையை 1887 இல் அச்சேற்றுமுன் சிதைந்த ஏடுகளோடு போராடினார். ஏட்டில் ஒற்றுக்குப் புள்ளியிடாது எழுதுதல் பெருவழக்கு. வரியிலுள்ள ககரம் ஒற்றா உயிர்மெய்யா என்பதைப் பதிப்பாசிரியர் தம் புலமையாலேயே துணிய வேண்டியிருந்தது. அவ்வாறு துணிந்து இட்ட புள்ளிகளால் அச்சுத் தமிழ் உருப்பெற்றது. இன்று இருபது பைற்றுப் பெட்டியொன்று ஒருவர் பெயரின் புள்ளியை வெட்டியெறியும்போது, ஒருவரும் வியப்படைவதில்லை. அன்று புள்ளி இடப்படாமைக்கு ஏடு கிழிந்துவிடும் என்ற அச்சமேனும் காரணமாயிருந்தது. இன்றைக்கு என்ன காரணம்?

ஆகவே வேண்டப்படுவன மூன்று. முதலாவது, க.பொ.த. உயர்தரத்திலும் பல்கலைக்கழகத்திலும் தமிழ்மொழி மூலம் கணினி கற்பிப்போர் ‘நீளம்’ என்ற தனிச்சொல்லைக் கைவிட்டு, பைற்று நீளம், குறி நீளம், எழுத்து நீளம் என வேறுபடுத்திக் கற்பித்தல் வேண்டும். இரண்டாவது, மனிதருக்கு எல்லை வகுக்கும் படிவம் எதுவாயினும் அவ்வெல்லை எழுத்தால் வகுக்கப்படல் வேண்டும். பைற்றுக்கு இடம் தேடுவது படிவத்தை அமைத்தவரின் கடன், பெயருக்குரியவரின் கடனன்று. மூன்றாவது, எல்லை வழக்குகளைத் தீர்க்கும் பொறுப்பைத் தமிழ் கற்றோர் ஏற்றல் வேண்டும். திருநெல்வேலி வளாகத்தில் தமிழ்த்துறையும் கணினி விஞ்ஞானத்துறையும் நடந்து செல்லும் தொலைவிலேயே உள்ளன. இருதுறை மாணவரும் ஒரு மேசையில் அமர்ந்தால் இவ்வேலை ஒரு தவணைக்குள் முடியத்தக்கது. அதுவரை, முப்பத்திரண்டு பைற்றை ஒரே பாய்ச்சலிற் கடக்கும் பொறி, அரிச்சுவடி கற்கும் பிள்ளையிடம் எழுத்தெண்ணத் தோற்றுக்கொண்டே இருக்கும்.